மூன்றாவது வெட்டு

முதுகைக் காட்டி நிற்க வேண்டும் என்பதுதான் தீர்மானம். யாரும் கத்தக் கூடாது, கல் எறியக் கூடாது, கெட்ட வார்த்தை பேசக் கூடாது. ரயில் வந்து படைவீரர்கள் இறங்கும்போது அத்தனை பேரும் அவர்களுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். போர் எதிர்ப்புக் குழுவில் என் கணவர் இருந்தார். அச்சகத்தில் வேலை பார்ப்பவர் என்பதால் அந்தத் துண்டறிக்கையை அச்சுக் கோத்தவரும் அவரே. ஆகவே நான் முதல் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று.

ரயில் நின்றது. கதவுகள் திறந்தன. அடுத்து பூட்ஸ் சத்தம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது செருப்புச் சத்தம். ரப்பர் செருப்பு தரையில் அடிபடும் சளக் சளக் சத்தம், நூறு கால்களில். போருக்குப் போய்வருகிறவர்கள் காலில் எதற்குச் செருப்பு? அந்தக் கேள்வி என் பிடரியில் எறும்புபோல ஊர ஆரம்பித்தது.

"திரும்பாத," என்றார் என் கணவர், உதடு அசையாமல்.

நான் திரும்பிவிட்டேன்.

ஒரே மாதிரி சட்டை போட்ட ஆட்கள், ஆளுக்கொரு துணிப்பையுடன், எங்கள் முதுகுகளைப் பார்த்தபடி நின்றிருந்தார்கள். எல்லார் காலிலும் நீல நிற ரப்பர் செருப்பு. அவர்களில் ஒருவன் என்னை நேராகப் பார்த்தான். எங்கள் அலுவலகத்துக் காது.

அவனுக்கு வேறு பெயர் உண்டு, சம்பளப் பட்டியலில் மட்டும். மற்றபடி எல்லோருக்கும் அவன் காதுதான். எங்களுடையது குடிநீர் அலுவலகம். மண்ணுக்கடியில் குழாய் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பது அவன் வேலை. நெஞ்சு உயர இரும்புக் கம்பி ஒன்று வைத்திருப்பான். அதன் மேல்முனையில் மரக்குமிழ் இருக்கும். விடியற்காலையில் தெரு அடங்கியிருக்கும்போது கம்பியைத் தரையில் ஊன்றி, குமிழைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வான். பிறகு சுண்ணாம்புக்கட்டியால் ஒரு வட்டம் போடுவான். வட்டத்துக்குள் தோண்டினால் ஓட்டை இருக்கும். பதினோரு வருடத்தில் அவன் போட்ட வட்டம் தப்பியது மிகக் குறைவு. பிறகு போர் வந்தது. படைக்கு ஆள் எடுக்கும் குலுக்கலில் அவன் பெயர் விழுந்தது. கம்பியைக் குழாய்க் குழுவின் அறையில் சாத்திவிட்டுப் போனவன்தான்.

நான் அதே அலுவலகத்தில் புகார்ப் பிரிவு எழுத்தர். பதினெட்டு வருடமாக ஒரு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறேன். தண்ணீர் எப்போதிலிருந்து வரவில்லை? கலங்கலா, நாற்றமா? மாடி வீடா, கீழ் வீடா? ஜன்னலை மூடிய பிறகும் அந்தப் பழக்கம் மூடிக்கொள்வதில்லை. அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பவள் என்று என்னைச் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அந்தப் போரை யாருக்கும் பிடிக்கவில்லை. ஆறு வாரத்தில் முடியும் என்றார்கள். மூன்று வருடம் இழுத்தது. எதற்கு ஆரம்பித்தோம் என்று கேட்டால் அமைச்சருக்கு ஒரு காரணம், அவர் செயலாளருக்கு வேறு காரணம். அதில் எங்கள் அலுவலகத்தை அடிவயிற்றில் குத்திய சம்பவம் ஒன்று உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு சின்ன நகரம். எங்கள் படை அதை நான்கு மாதம் முற்றுகையிட்டும் பிடிக்க முடியவில்லை. கடைசியில், ஊற்றிலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் நிலத்தடிக் குழாயைக் கண்டுபிடித்து வெட்டினார்கள். ஒன்பதாம் நாள் நகரம் பணிந்தது. காலிப் பாத்திரங்களோடு வரிசையில் நிற்கும் பெண்களின் படம் பேப்பரில் வந்தது. மறுநாள் எங்கள் அலுவலகம் முழுவதும் வேலைநிறுத்தம் செய்தது. நானும் பதாகை பிடித்தேன். எவ்வளவு சண்டை சச்சரவு இருந்தாலும் தண்ணீரில் கை வைக்கலாமா என்பதுதான் எங்கள் எல்லோருடைய பேச்சும்.

காது திரும்பி வந்தபோது, சட்டப்படி அவனைப் பழைய வேலையில் சேர்த்தாக வேண்டும். குழாய்க் குழுவின் மேஸ்திரி, பொறியாளர் அறைக்குப் போனார்.

"சார், சட்டம் சொல்றது சரி. ஆனா என் ஆளுங்க அவன்கூடக் குழிக்குள்ள இறங்க மாட்டாங்க."

பொறியாளர் நல்ல மனிதர். யாரையும் பகைத்துக்கொள்ள விரும்பாத நல்ல மனிதர். காதுக்கு என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டார். புகார்ச் சீட்டுகளைத் தெரு வாரியாகப் பிரித்து அடுக்க வேண்டும். பத்து நிமிட வேலை. அதை அவன் நாள் முழுக்கச் செய்தான்.

யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனும் ஒரு வார்த்தை பேசியிருப்பான். தேநீர்த் தட்டு வரும், அவனுக்கு மட்டும் கோப்பை இருக்காது. மூன்றாம் நாளிலிருந்து வீட்டிலிருந்தே ஃபிளாஸ்க் கொண்டுவர ஆரம்பித்தான். அறிவிப்புப் பலகையில் யாரோ அந்தப் பாத்திர வரிசைப் படத்தை ஒட்டினார்கள். சரியாக அவன் ஸ்டூலுக்கு எதிரே, அவன் கண் உயரத்தில். ஜன்னலுக்கு வந்த ஒரு பெண், அவன் யார் என்று பக்கத்தில் நின்றவர் காதில் கிசுகிசுத்ததும், அவன் கையிலிருந்த தன் சீட்டைப் பிடுங்கி என்னிடம் கொடுத்தாள். இன்னொரு ஆள் இதற்கு நேர்மாறு. ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் குலுக்கிவிட்டு, "எத்தன பேரு?" என்று ரகசியமாகக் கேட்டுக் கண்ணடித்தான். காது தன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு சீட்டுகளை அடுக்கினான்.

கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர்காரர் கதை வேறு. அவருடைய அக்கா மகன் காதோடு ஒரே குலுக்கலில் போனவன். அவன் வரவில்லை. காது ஒரு பேனாவுக்குப் போய் நின்றால், அவர் பேனாவைப் பலகைமேல் வைத்துவிட்டு, முகம் கொடுக்காமல் உள்ளே போய்விடுவார்.

எனக்கோ தலை வெடித்துவிடும்போல இருந்தது. மூன்று வருடம் ஒரு மனிதன் எங்கேயோ இருந்துவிட்டு வந்து என் முழங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். என்ன பார்த்தான், எங்கே தூங்கினான், யாருக்கும் தெரிந்துகொள்ள வேண்டாமாம். வீட்டில் இதைச் சொன்னேன்.

"நீ எதையும் கேக்காத," என்றார் என் கணவர். "கேட்டா அவன் நியாயம் பேச ஆரம்பிப்பான். நீ தலையாட்டுவ. அப்பறம் இத்தனை நாள் நாம தெருவுல நின்னதுக்கு என்ன அர்த்தம்?"

அவர் சொன்னதிலும் விஷயம் இருந்தது. பத்தொன்பது நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். இருபதாம் நாள், ஜன்னலில் ஆள் இல்லாத நேரம்.

"தம்பி, ஒண்ணு கேக்கவா?"

சீட்டு அடுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. "கேளுங்கக்கா."

"அன்னிக்கு ரயில்ல வந்தப்ப ஏன் எல்லாரும் செருப்பு போட்டிருந்தீங்க?"

அவன் என்னை உற்றுப் பார்த்தான். வேறு ஏதோ கேள்விக்குத் தன்னைத் தயார் செய்துகொண்டிருந்தவன் போலிருந்தான். பிறகு சிரித்தான். வந்ததிலிருந்து அவன் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"பூட்ஸ முகாம்லயே திருப்பி வாங்கிக்கிட்டாங்கக்கா. அரசாங்கச் சொத்தாம். ஒரு மூட்டையிலேருந்து கைக்கு வந்த செருப்ப எடுத்துக் குடுத்தாங்க. எனக்குக் கெடச்சது ரெண்டும் இடது கால்."

"ரெண்டும் இடதா?"

"ரெண்டும் இடது. ரெண்டும் வலது யாருக்காவது கெடச்சிருக்கணும்ல? ரயில் பூரா தேடினேன். ஒருத்தனும் ஒத்துக்கல."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சீட்டுகளைத் தட்டி ஒழுங்கு செய்தான். "நீங்க மட்டும்தான் திரும்பிப் பாத்தீங்க. ஏன்க்கா?"

"செருப்புச் சத்தம். பூட்ஸ் சத்தம் வரும்னு நெனச்சிட்டிருந்தேன்."

"ஆமா," என்றான், தொழில்காரன் தொழில்காரனிடம் ஒத்துக்கொள்வது போல. "அது வித்தியாசமான சத்தம்தான்."

அதிலிருந்து நாளுக்கு ஒரு கேள்வி என்று ஆயிற்று. என்ன சாப்பிட்டீர்கள்? டப்பாவில் அடைத்த ஏதோ ஒன்று. படத்தில் மீன் இருந்ததால் அதை மீன் என்று நம்பினார்களாம். எங்கே தூங்கினீர்கள்? லாரிக்கு அடியில், பள்ளிக்கூட மேசைமேல், ஒருமுறை யாருடையதோ கல்யாணக் கட்டிலில் நான்கு பேர். பயமாக இருந்ததா? முதல் மாதம் எப்போதும், பிறகு குளிக்கும்போது மட்டும். ஏன் குளிக்கும்போது? தண்ணீர்ச் சத்தத்தில் வேறு எதுவும் காதில் விழாது, அதனால். கேட்கக் கேட்க அவன் குரல் தேறிக்கொண்டு வந்தது.

ஒருநாள் சாதாரணமாகத்தான் கேட்டேன். "அங்க உனக்கு என்ன வேலை குடுத்தாங்க?"

"இங்க பாத்த வேலைதான்."

நான் பேனாவை மூடினேன். தோண்டினால் ஆறடி ஆழம், வரைபடம் வெளியே யாரிடமும் இல்லை, பிறகு எப்படி அந்த மலையடிவார நகரத்துக் குழாயைக் கண்டுபிடித்தார்கள்? தேநீர் நேரத்தில் மேஸ்திரி எத்தனை முறை இதைக் கேட்டிருப்பார். நாங்கள் யாரும் யோசித்துப் பார்க்கவில்லை. பதில் எங்கள் அலுவலகத்தில்தான் கம்பியைச் சாத்திவிட்டுப் போயிருந்தது.

"கம்பியா?" என்றேன்.

"கம்பிதான். வேற கம்பி. அவங்களே செஞ்சு குடுத்தாங்க."

ஜன்னலை நேரத்துக்கு முன்பே மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன். கோபம் என்று சொல்வதா அருவருப்பு என்று சொல்வதா, தெரியவில்லை. அந்தப் படத்தில் முன்னால் நிற்கிற பெண் கையில் ஒரு எண்ணெய் டின் இருக்கும். எனக்கு அந்த டின்னே கண்ணில் நின்றது. இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை. மூன்றாம் நாள் என்னால் முடியவில்லை.

"கேக்கலன்னு சொல்லியிருக்கலாமே," என்றேன். "உன் காதுல என்ன விழுதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது," என்றான். "அதத்தான் நானும் யோசிக்கறேன். சொல்லியிருக்கலாம். ஒரு பய கண்டுபிடிச்சிருக்க முடியாது." சீட்டுகளைத் தள்ளி வைத்தான். "அந்த வெட்டவெளில எதுவுமே கேக்காதுக்கா. சரளைக் கல்லு. முதல் நாள் சும்மா நடந்தேன். ரெண்டாம் நாள் மத்தியானம், ரொம்ப அடியில, மெலிசா ஒரு சத்தம். கேட்டவுடனே கை தானா அடையாளக் குச்சிய நட்டுருச்சு. பதினோரு வருஷப் பழக்கம். சந்தோஷமாக்கூட இருந்துது. பொய் சொல்ல விரும்பல, ஒரு நிமிஷம் ரொம்ப சந்தோஷமா இருந்துது. அப்பறம்தான் ஆபீசர் தோண்டச் சொன்னாரு."

அவன் நியாயம் பேசவில்லை என்பதை மட்டும் மனதுக்குள் குறித்துக்கொண்டேன், வீட்டில் சொல்வதற்கு.

"இப்ப எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான்," என்றான். "அந்த லைனைச் சரி பண்ணிட்டாங்களா? தெனம் பேப்பர்ல தேடறேன். எவனும் எழுதல."

அது நல்ல கேள்வி. எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. தபால் போக்குவரத்து மறுபடி தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. வீட்டிலிருந்து, வீட்டு முகவரி போட்டு, அந்த நகரத்துக் குடிநீர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். எனக்குத் தெரிந்தது அலுவலகக் கடிதம் ஒன்றுதான். "பொருள்: பிரதானக் குழாய்ப் பழுது, தற்போதைய நிலை அறிய வேண்டுதல்." நான் ஒரு குடிநீர் அலுவலக எழுத்தர் என்றும், அறிந்துகொள்ளும் ஆர்வத்தைத் தவிர வேறு நோக்கம் இல்லை என்றும் எழுதினேன். கணவர் படித்துவிட்டுக் கடிதத்தை மேசைமேல் போட்டார்.

"நீ அவனுக்கு மன்னிப்பு வாங்கிக் குடுக்கப் பாக்கற."

"இல்லங்க. தண்ணி வருதா இல்லையான்னு பாக்கறேன்."

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. பழுப்புத் தாள், தட்டச்சு, அடியில் "பொறியாளர் (பொறுப்பு)" என்று கையெழுத்து. நீங்கள் ஏன் கேட்கிறீர்கள் என்று எங்களுக்குப் புரியவில்லை என்று ஆரம்பித்தது. இரண்டு இடத்தில் வெட்டு கண்டுபிடிக்கப்பட்டுச் சரி செய்யப்பட்டது. ஆனாலும் ஊற்றில் பத்துக் குடம் விட்டால் நகரத்துக்கு மூன்று குடம்தான் வந்து சேர்கிறது. மீதி எங்கே போகிறது என்று தெரியவில்லை. நிலம் சரளை என்பதால் மேலே ஈரம் காட்டவில்லை. எங்கள் வரைபடங்கள் அலுவலகத்தோடு எரிந்துவிட்டன. குழாய் போகும் வழியை முழுக்க அறிந்தவர்கள் உங்கள் பக்கத்தில்தான் இருக்க முடியும். அப்படி யாரையாவது உங்களுக்குத் தெரியுமானால் தயவுசெய்து கேட்டுச் சொல்லவும்: வெட்டு இரண்டுதானா?

காது படித்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"மூணு," என்றான். "முதல்ல சோதனைக்கு ஒண்ணு தோண்டினோம். கடப்பாரை பட்டு லேசா பொளந்துது. இது சரியான எடம் இல்லன்னு ஆபீசர் மூடச் சொல்லிட்டாரு. அது கணக்குல இல்ல."

மறுநாள் எழுதாத புகார்ப் படிவங்களைப் பின்பக்கமாகத் திருப்பி, எட்டு தாள்களை ஒட்டி, வரைய ஆரம்பித்தான். ஊற்றிலிருந்து நகரம் வரை நான்கு கிலோமீட்டர். ஒவ்வொரு வளைவும், ஒவ்வொரு வளைவுக்கும் இடையில் எத்தனை காலடி என்பதும். செங்கல் சூளை, இடிந்த சுவர், ஒற்றை மரம். எதையும் யோசித்து எழுதவில்லை. மனதுக்குள் நடந்துகொண்டே எழுதினான். மேசைக்கடியில் அவன் கால் மெல்ல அசைந்ததை நான் பார்த்தேன்.

எட்டுத் தாள் நீளப் படத்தை எங்கே மறைப்பது? மதியம் மேஸ்திரி ஜன்னல் பக்கமாக வந்தவர் நின்றுவிட்டார்.

"என்ன லைன் இது? நம்ம ஊர்ல இப்படி ஒண்ணு இல்லியே."

அவர் விரல் ஊற்றிலிருந்து கிளம்பி, வளைவு வளைவாக வந்து, நகரத்தின் பெயரில் நின்றது. விரலை எடுத்துக்கொண்டார். ஒரு மணி நேரத்தில் கிடங்கு வரை செய்தி போய்விட்டது.

அதன் பிறகுதான் உண்மையான கசப்பு. அன்றுவரை அவன் எதிர்த்தரப்பு; இப்போது குற்றவாளியே அவன் என்று ஆகிவிட்டது. அவன் தொட்ட தண்ணீர்க் குழாயில் வேறு யாரும் தண்ணீர் பிடிக்கவில்லை. அவன் வீட்டுச் சுவரில் "எங்கள் தண்ணீரையும் விற்பாயா" என்று தாரால் எழுதினார்கள். அவனை வேலையைவிட்டு நீக்கச் சொல்லி முப்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்ட மனு பொறியாளரிடம் போனது. மனுவில் என் கையெழுத்து ஏன் இல்லை என்று என்னைக் கேட்டார்கள். வெட்டு எங்கே என்று தெரியட்டும், பிறகு போடுகிறேன் என்றேன். அது மழுப்பல்தான். ஆனால் என்னிடம் இருந்தது அந்த ஒரு பதில்தான்.

பொறியாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"உண்மையா?"

"உண்மை சார்."

"இந்தப் படத்தை ஆபீஸ் நேரத்துல, ஆபீஸ் தாள்ல போட்டிருக்க. எல்லைக்கு அந்தப் பக்கம் அனுப்பப் போற. எனக்குத் தெரிஞ்சா நான் மேலிடத்துக்கு எழுதணும். அதனால எனக்குத் தெரியாது." படத்தைத் தள்ளிவிட்டார். பிறகு அவர் கண் அதன்மேல் போனது. மறுபடி போனது. மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பக்கத்தில் இழுத்தார். "இவ்வளவு ஏத்த எறக்கத்துல காத்துப் போக வால்வே கிடையாதா?"

"ரெண்டு இருக்கு சார். சூளைக்குப் பின்னால ஒண்ணு, மரத்தடியில ஒண்ணு."

"அப்ப அத எழுது. குழாய் விட்டமும் எழுதல பாரு. அவங்க எப்படி வேலை செய்வாங்க?" என்றவர், திடுக்கிட்டு நிமிர்ந்து, "நான் எதையும் பாக்கல," என்றார்.

படத்தை அனுப்பிய வாரம் ஸ்டோர்காரர் எங்கள் மேசைக்கு வந்தார். அவர் அந்தப் பக்கம் வந்து ஆறு மாதம் இருக்கும். காது எழுந்து நின்றான். அவர் அவனைப் பார்க்காமல், படம் வரைந்த இடத்தைப் பார்த்துப் பேசினார்.

"எங்க பய ஒரு கடுதாசில எழுதியிருந்தான். அங்க தண்ணி உப்புக் கரிக்குது மாமான்னு. நெசமா?"

"நெசம்ண்ணே. ஆத்தங்கரை முகாம்ல. துணில வடிகட்டிக் குடிப்போம், உப்பு போகாது. உதடெல்லாம் வெடிச்சிரும்."

"சும்மா பொலம்பாதடான்னு பதில் எழுதிட்டேன்," என்றார். ஏதோ எடுக்க வந்து மறந்தவர் போல மேசையைத் தடவிவிட்டுப் போனார். மறுநாளும் பேனாவைப் பலகைமேல் வைத்துவிட்டு உள்ளே போகத்தான் செய்தார்.

அடுத்த பதில் சீக்கிரமே வந்தது. மூன்றாவது வெட்டு கிடைத்துவிட்டது. இப்போது பத்துக்கு எட்டுக் குடம் வருகிறது. அதற்கு நன்றி என்ற சொல் எதுவும் இல்லை. ஆனால் அடுத்த பத்தி இப்படி இருந்தது: "ஏழாவது வளைவு வரை உங்கள் அளவு வியக்கும்படித் துல்லியமாக இருக்கிறது. அதன் பிறகு ஒவ்வொரு தூரமும் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டுகிறது. ஆகவே வெட்டு, நீங்கள் குறித்த இடத்துக்கு நாற்பது காலடி முன்னாலேயே கிடைத்தது. ஏழாவது வளைவிலிருந்து நடந்தவரின் காலடி சிறுத்திருக்கிறது. மீதியைத் திருத்திக்கொள்ள எங்களுக்கு ஒன்று தெரிய வேண்டும். அவருக்குக் காயம் பட்டிருந்ததா? அல்லது எதையாவது சுமந்துகொண்டிருந்தாரா?"

காது அதை மூன்று முறை படித்தான். கடிதத்தை மடித்தான். மறுபடி பிரித்தான்.

"குனிஞ்சு நடந்தேன்," என்றான். "அங்கேருந்து அவங்க தண்ணித் தொட்டி தெரியும். தொட்டி மேலேருந்து சுட்டுக்கிட்டிருந்தாங்க. முட்டிய மடக்கி, கம்பியப் படுக்கப் போட்டு இழுத்துக்கிட்டு, எண்ணிக்கிட்டே போனேன். எண்ணிக்கைய விடல. ஆனா காலடி சின்னதாயிருச்சுன்னு தோணவே இல்ல பாருங்க. கடைசி வளைவுல தவழ்ந்தேன். முழங்கைய ஒரு அடியா எண்ணினேன்."

நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். என்ன சாப்பிட்டாய், எங்கே தூங்கினாய் என்று நாற்பது கேள்வி கேட்டவள் நான். இதைக் கேட்கவில்லை. பார்க்காத ஊரில் பார்க்காத ஒரு மனிதர், காலடி கணக்கை வைத்தே கேட்டுவிட்டார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அவன் சொன்னதை அப்படியே எழுதி அனுப்பினேன், தொட்டிமேலிருந்து சுட்டதையும் சேர்த்து.

மூன்றாம் கடிதத்தில் அழைப்பு இருந்தது. நகரத்தின் கிழக்குப் பக்கம் இன்னொரு பழைய குழாய் உண்டு, அது எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. காலடி அளந்தவர் வந்து கேட்டுப் பார்க்க முடியுமா? வழிச்செலவை எங்கள் அலுவலகம் ஏற்கும். "ஊர் மக்கள் அவரை எப்படி நடத்துவார்கள் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது."

காது பதினைந்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தான். பொறியாளர் காரணம் என்ற இடத்தைக் காலியாக விடச் சொல்லிக் கையெழுத்திட்டார். கிளம்புகிற அன்று காலை மேஸ்திரி வந்தார். பழைய கம்பியை, மூன்று வருடத் தூசியோடு, எங்கள் மேசைமேல் கிடத்தினார்.

"இது உன்னோடது. எங்க அறையில எடத்த அடைச்சுக்கிட்டுக் கெடக்கு. அங்கேயே விட்டுட்டு வந்தாலும் சரி."

கம்பியைச் சொன்னாரா, அவனையே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவரையே ஒருநாள் கேட்டேன். பதில் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் காது ஸ்டூலில் வந்து உட்கார்ந்தான். முகம் வெயிலில் கறுத்திருந்தது. கம்பியும் கூடவே வந்திருந்தது. அன்று ஜன்னலை அரை மணி நேரம் தாமதமாகத் திறந்தேன். வரிசையில் நின்றவர்கள் மன்னிக்கட்டும்.

"அந்தப் பொறியாளர் எப்படி இருந்தாரு?"

"அவரு இல்லக்கா, ஒரு அம்மா. என்னைவிடச் சின்ன வயசு இருக்கும். குழாயத் தவிர வேற பேச்சே கெடையாது. தங்கறதுக்கு எவனும் எடம் குடுக்கல, ஆபீஸ்லயே ஒரு பெஞ்ச் போட்டுக் குடுத்தாங்க."

"லைன் கெடச்சுதா?"

"பாதி கெடச்சுது. மீதி மண்ணு தூந்து அடைஞ்சு போயிருக்கு. தண்ணி ஓடாத குழாய் பேசாதுல்ல."

"ஊர் ஜனங்க?"

"முதல் நாள் ஒருத்தர் மூஞ்சில துப்பினாரு. வயசானவரு. துப்பிட்டு அங்கேயே நின்னாரு, நான் என்ன செய்யறேன்னு பாக்க. நான் தொடச்சிக்கிட்டுக் கம்பிய வச்சேன். ரெண்டாம் நாளும் வந்தாரு, துப்பல, தூரத்துல நின்னாரு. மூணாம் நாள், வெயில்ல முட்டி போட்டு உக்காந்திருக்கேன், யாரோ எனக்குப் பின்னால ஒரு நாற்காலி கொண்டாந்து வச்சுட்டுப் போயிருக்காங்க. யாருன்னு பாக்கல. ரெண்டு நாள் அதுல உக்காந்துதான் கேட்டேன். அதுக்கு அடுத்த நாள் காலையில போனா நாற்காலி இல்ல. திருப்பி எடுத்துக்கிட்டாங்க."

"ஏன்?"

"தெரியல."

"கேக்கலியா?"

"எப்படிக்கா கேக்கறது? ஏதோ மனசு மாறியிருக்கும்னு விட்டுட்டேன்."

எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. ஒரு நாற்காலியைக் கொடுப்பது புரிகிறது. கொடுக்காமல் இருப்பதும் புரிகிறது. கொடுத்த இரண்டு நாளில் ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்? மாலையில் தாள் எடுத்து எழுதினேன். "பொருள்: நாற்காலி ஒன்று திரும்பப் பெறப்பட்டது, காரணம் அறிய வேண்டுதல்." கணவர் எட்டிப் பார்த்தார். அவர் காதோடு இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசப் போவதும் இல்லை என்கிறார். ஆனால் "பதில் வந்தா சொல்லு," என்றார்.

காது ஸ்டூலில்தான் இருக்கிறான். மனு இன்னும் பொறியாளர் இழுப்பறையில் கிடக்கிறது. கண்டுபிடிக்கவே முடியாத கசிவு வந்தால் மட்டும் மேஸ்திரி ஜன்னல் பக்கம் வந்து, யாரையும் பார்க்காமல், தெருப் பெயரைச் சொல்லிவிட்டுப் போவார். காது கம்பியை எடுத்துக்கொண்டு அவருக்குப் பத்தடி பின்னால் போவான். சில தெருக்களில் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள்.

பதில் சென்ற வாரம் வந்தது. நாற்காலி பற்றி விசாரித்ததாகப் பொறியாளர் அம்மா எழுதியிருந்தார். அது பக்கத்திலிருந்த பள்ளிக்கூடத்து நாற்காலி. மூன்று வருடமாக மூடிக் கிடந்த பள்ளிக்கூடம் அந்தத் திங்கட்கிழமை திறந்துவிட்டதாம்.

காது கடிதத்தை வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான்.

"எத்தன பிள்ளைங்க வருதுன்னு எழுதலியே," என்றான்.